அமெரிக்காவில் பிறந்த பையன் சீனாவுக்கு இங்கிலீஷ் வாத்தியாராகப் போகிறேன் என்கிறான், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

உறையூர் மாமன்:

அக்கா பையன் நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவன், அமெரிக்க பாஸ்போர்ட். வரலாற்றில் பட்டம் முடித்துவிட்டு அங்கே ஒரு கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது திடீரென்று சீனாவில் செங்டு என்ற ஊருக்குப் போகிறேன், அரசு ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று நிற்கிறான். ஏதோ ஏஜென்சி மூலமாக வேலை, மாதம் 18,000 யுவான், வாடகைக்குத் தனியாகக் கொஞ்சம் தருவார்களாம். அக்கா தினமும் போன் போட்டு அழுகிறாள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளை சீனாவுக்கு வாத்தியார் வேலைக்குப் போனால் ஊருக்கு என்ன பதில் சொல்வது என்பது அவள் கவலை. என் கவலை வேறு. இது உருப்படியான வேலையா, அன்றாடம் அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும், நம் நிறத்தில் ஒருவன் போய் அமெரிக்கன் என்று நின்றால் அந்த ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா? அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

செங்டுக்காரி:

மாமா, இதே ஊரில் இதே வேலையைத்தான் நான் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன். நான் ஒகையோவில் வளர்ந்தவள், குடியுரிமையும் அங்கேதான்.

என் நாள் இப்படிப் போகும். காலை எட்டு மணிக்கு முன்னால் பள்ளி வாசல், கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய பிள்ளைகள், பாதிக்கு மேல் தாத்தா பாட்டியின் மின் ஸ்கூட்டரில் வந்து இறங்குவார்கள். திங்கட்கிழமை என்றால் கொடியேற்றம். ஒரு வகுப்பு 40 நிமிடம், ஒரு வகுப்பறையில் 45 பிள்ளைகளுக்குக் குறையாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை 18 பிரிவுகளுக்கு வாரம் ஒரு தடவை போவேன், அப்படியென்றால் 800 குழந்தைகள். பெயரெல்லாம் நினைவில் நிற்காது. நின்றாலும் பயனில்லை, ஏனென்றால் இங்கிலீஷ் பெயரை அவர்கள் இஷ்டத்துக்கு மாற்றுவார்கள், போன வாரம் கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் நினைவாகக் கோபி என்றிருந்தவன் இந்த வாரம் டிராகன் ஆகிவிடுவான். காலையில் நடுவே ஒரு நேரம் ஒலிபெருக்கியில் இசை போட்டு ஒரு குரல் எண்ணிக்கொண்டே போக, மொத்தப் பள்ளியும் கண்ணை மூடிக்கொண்டு புருவத்தையும் மூக்குத் தண்டையும் அமுக்கிவிட்டுக்கொள்ளும். கண்பார்வைக்கான பயிற்சி, 1960களிலிருந்து நடக்கிறது. மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் தூக்கம். பிள்ளைகள் மேஜை மேல் தலை சாய்த்துத் தூங்கும், ஆசிரியர்களும் தூங்குவார்கள், ஒரு பெரிய கட்டடம் முழுக்கச் சத்தமே இருக்காது. அந்த நேரத்தில் தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டால்கூட முறைப்பார்கள்.

உங்கள் பையன் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம், அவன் அங்கே இங்கிலீஷ் ஆசிரியர் இல்லை. இங்கிலீஷ் ஆசிரியர் வேறொருவர், சீனர். பாடப்புத்தகம், சொல்வதெழுதுதல், மனப்பாடம், தேர்வு எல்லாம் அவர் கையில். வெளிநாட்டு ஆசிரியர் நடத்துவது "பேச்சு வகுப்பு". அதற்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இல்லாத வகுப்பு என்பது ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூட இரண்டே வாரத்தில் தெரிந்துவிடும், அப்புறம் நீங்கள் நடத்துவதை அவர்கள் கேட்பதும் கேட்காததும் உங்கள் சாமர்த்தியம். அவனுக்கு ஆடவும் பாடவும் குரங்குச் சேட்டை செய்யவும் வெட்கம் இருந்தால் இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வெட்டிப்பேச்சு வேலன்:

18,000 யுவான் என்றால் நம் காசுக்கு 2 லட்சத்துக்கு மேல். குரங்குச் சேட்டைக்கு 2 லட்சமா! நல்ல பிழைப்பு. எனக்கு ஒன்று புரியவில்லை, 45 பிள்ளை, 40 நிமிடம் என்றால் ஒரு பிள்ளை வாயைத் திறக்க ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. இதில் எந்தக் குழந்தை எந்த இங்கிலீஷைக் கற்றுக்கொள்ளும்? வாசலில் ஒரு வெளிநாட்டுக்காரரை நிறுத்திவைத்தால் பள்ளிக்கு கௌரவம், அவ்வளவுதான் விஷயம் என்று தோன்றுகிறது. டீச்சர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

டெக்சஸ் அம்மா:

வேலன் சார், நான் இதையே அமெரிக்காவில் வீட்டில் உட்கார்ந்தபடி, இணையம் வழியாகச் சீனப் பிள்ளைகளுக்குச் செய்தவள், ஒரு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்ற கணக்கில். அதனால் உங்கள் ஒரு நிமிடக் கணக்கு எனக்குப் பொருந்தாது.

2017லிருந்து 2021 வரை அது அமெரிக்காவில் ஒரு பெரிய அலை. பள்ளி ஆசிரியைகள், கைக்குழந்தைக்காரிகள், ஓய்வு பெற்றவர்கள் என்று எல்லாரும் விடியற்காலையில் எழுந்து கணினி முன்னால் உட்கார்ந்திருந்தோம். பெய்ஜிங்கில் 2013ல் தொடங்கிய விஐபிகிட் என்ற ஒரு நிறுவனமே 2018ல் தன்னிடம் 60,000 ஆசிரியர்களும் 5 லட்சம் குழந்தைகளும் இருப்பதாகச் சொன்னது. அது போல இன்னும் நிறைய நிறுவனங்கள் இருந்தன, நான் எதில் இருந்தேன் என்பது இங்கே தேவையில்லை. வகுப்பு 25 நிமிடம். மணிக்கு 14லிருந்து 22 டாலர் வரை என்று விளம்பரம் செய்வார்கள். சீனா முழுவதற்கும் ஒரே நேரம், பெய்ஜிங் நேரம். பிள்ளைகள் பள்ளி முடிந்து சாப்பிட்டுவிட்டு மாலை ஆறரைக்கு உட்கார்ந்தால் டெக்சஸில் குளிர்காலத்தில் அதிகாலை நாலரை. கோடையில் எங்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும், அவர்களுடையது நகராது, அதனால் ஐந்தரை ஆகும், அந்த ஒரு மணி நேரத் தூக்கத்துக்காக மார்ச் மாதத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பேன். அவர்களுக்கு சனிக்கிழமை காலை என்றால் எங்களுக்கு வெள்ளி இரவு. வெள்ளி இரவு கோயிலும் இல்லை, விருந்தும் இல்லை.

என் பின்னால் சுவரில் வண்ணப் படங்கள், கையில் ஒரு துணிப் பொம்மை, காதில் ஹெட்செட். வீட்டில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், நான் மட்டும் ஒரு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு "ஜம்ப்! ஜம்ப்!" என்று குதிப்பேன். சொல்லைக் கையாலும் உடம்பாலும் காட்ட வேண்டும், கேள் என்றால் காதில் கை வைக்க வேண்டும், பேசு என்றால் வாய்ப் பக்கம் கை. அந்தப் பக்கம் ஒரு பிள்ளை பைஜாமாவோடு நாற்காலியில் சுழலும். திரையின் ஓரத்திலிருந்து ஒரு கரண்டி வரும், பாட்டி சோறு ஊட்டுகிறார், பிள்ளை "எலிஃபண்ட்" சொல்லும்போது பருக்கை தெறிக்கும். அம்மா முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும், பிள்ளை யோசிக்கும் முன்னால் பதிலைக் காதில் ஓதிவிடுவார்! அப்புறம் வகுப்பு முடிந்ததும் அவர்தான் எனக்கு மதிப்பெண் போடுவார். அந்த மதிப்பெண் குறைந்தால் அடுத்த மாதம் வகுப்பு குறையும். சிரிப்புக் குறைவு என்று ஒருத்தி எழுதியிருந்தாள், அன்றைக்கு எனக்கு 101 டிகிரி காய்ச்சல்.

ஆனால் வாரம் இரண்டு முறை மூன்று வருடம் என்னிடம் வந்த பிள்ளைகள் உண்டு. முன்பல் விழுந்ததைக் காட்டினார்கள், தம்பி பிறந்ததைக் காட்டினார்கள், புது வீட்டில் போனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு அறையாகச் சுற்றிக்காட்டினார்கள். இங்கிலீஷ் வந்ததா என்று கேட்டால் வந்தது, நன்றாகவே வந்தது. காசுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

2021 ஜூலை 24 அன்று சட்டம் வந்தது. ஆகஸ்டிலேயே புதுப் பதிவை நிறுத்தினார்கள், வாங்கிவைத்த வகுப்புகள் நவம்பரோடு முடிந்தன. செயலிக்கு வெளியே பெற்றோரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று ஒப்பந்தம், அதனால் அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே என்ன படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

உறையூர் மாமன்:

என்ன சட்டம் அம்மா அது? பையன் போகும் வேலைக்கும் அதனால் ஆபத்து உண்டா?

ஷென்ஜென்வாசி:

நான் சொல்கிறேன். மென்பொருள் வேலைக்காகச் சீனாவின் ஷென்ஜென் நகரத்துக்கு வந்து நாளாகிவிட்டது, பெண் இங்கேதான் படிக்கிறாள். அந்தச் சட்டத்தை இங்கே இரட்டைக் குறைப்பு என்பார்கள். வீட்டுப்பாடச் சுமை ஒன்று, டியூஷன் சுமை இன்னொன்று, இரண்டையும் குறைப்பது. ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்கு எழுத்து வீட்டுப்பாடமே கூடாது, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு மணி நேரத்துக்குள். பள்ளிப் பாடங்களுக்கு டியூஷன் நடத்தி லாபம் பார்க்கக் கூடாது, சனி ஞாயிறு விடுமுறைகளில் நடத்தவே கூடாது, வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரை வைத்துப் பாடம் நடத்தக் கூடாது. டெக்சஸ் அம்மாவின் வேலையைத் தூக்கியது அந்தக் கடைசி வரிதான். சீனாவுக்குள் முறையான அனுமதியோடு பள்ளியில் வேலை செய்பவர்களுக்கு அது பொருந்தாது, உங்கள் பையன் பயப்பட வேண்டாம்.

நோக்கம் நல்ல நோக்கம்தான். பெற்றோர் டியூஷனுக்கே சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை பெறவே யோசித்தார்கள், 2016ல் 1.78 கோடிக்கு மேல் பிறந்த நாட்டில் 2023ல் பிறந்தது 90 லட்சம். ஆனால் நடந்தது என்ன? பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் 750க்கு 150 மதிப்பெண் இங்கிலீஷுக்கு. அதைத் தொடாமல் டியூஷனை மட்டும் மூடினால் தண்ணீர் வேறு பக்கம் போகும். இங்கிலீஷ் நாடகம், இங்கிலீஷில் அறிவியல் சோதனை என்று பலகையை மாற்றினார்கள். வசதியுள்ளவர்கள் வீட்டு வேலைக்கு ஆள் என்ற பெயரில் ஆசிரியரையே வீட்டில் தங்கவைத்தார்கள், அதையும் கல்வி அமைச்சகம் தனியாகத் தடை செய்ய வேண்டியிருந்தது.

அதே சமயம் பள்ளியில் இங்கிலீஷின் இடம் கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கிறது. ஷாங்காயில் 2021லேயே ஆரம்பப் பள்ளியின் பருவத் தேர்வுப் பட்டியலிலிருந்து இங்கிலீஷை எடுத்துவிட்டார்கள். 2022ல் வந்த பாடத்திட்டத்தில் வெளிநாட்டு மொழிக்கு மொத்த வகுப்பு நேரத்தில் 6 முதல் 8 சதவீதம், உடற்பயிற்சிக்கு 10 முதல் 11. விளையாட்டு வாத்தியார் இங்கிலீஷ் வாத்தியாரை முந்திவிட்டார்.

வேலை போன சீன ஆசிரியர்கள் கதையையும் யாராவது சொல்ல வேண்டும். நியூ ஓரியண்டல் பெரிய டியூஷன் நிறுவனம், சட்டம் வந்ததும் ஆயிரக்கணக்கில் ஆட்களை அனுப்பியது. அங்கே இங்கிலீஷ் ஆசிரியராக இருந்த தோங் யூஹுய் என்பவர் நேரலையில் அரிசியும் மாட்டிறைச்சியும் விற்க வந்தார். ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் பொருளின் இங்கிலீஷ் பெயரை எழுதி, பாடம் நடத்துவது போலவே விற்றார், 2022 ஜூனில் நாடே அதைப் பார்த்தது. என் மனைவியும் அரிசி வாங்கினாள், விலை கொஞ்சம் அதிகம்தான்.

வெட்டிப்பேச்சு வேலன்:

அருமையான தகவல்கள். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. கூட வேலை பார்க்கும் சீன இங்கிலீஷ் ஆசிரியருக்கு என்ன சம்பளம்? உண்மையில் பாடம் நடத்துவது அவர், தாள் திருத்துவது அவர், பெற்றோரிடம் திட்டு வாங்குவது அவர். ஆடிப் பாடுபவருக்கு அவரைவிட அதிகமா?

மாமா கேட்ட நிறத்தைப் பற்றிய கேள்விக்கும் யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

செங்டுக்காரி:

இரண்டுக்கும் சொல்கிறேன்.

ஆமாம், எனக்குத்தான் அதிகம். என்னோடு வகுப்பில் இருக்கும் சீன ஆசிரியை என்னைவிட வயதில் மூத்தவர், இலக்கணத்தில் என்னை உட்காரவைத்து ஒரு வகுப்பு எடுக்கக்கூடியவர். அவர் ராத்திரி பத்து மணிக்கும் வீசாட் என்ற அரட்டைச் செயலியின் குழுவில் பெற்றோர்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பார், எனக்கு நாலு மணிக்கு வேலை முடிந்துவிடும். வாங்கும் சம்பளம் என்னுடையதில் பாதி இருக்கலாம். ஒருநாள்கூட அதை என்னிடம் காட்டியதில்லை, அதனாலேயே ஆசிரியர் அறையில் அவர் பக்கத்தில் உட்காரக் கூச்சமாக இருக்கும். இது சரியான ஏற்பாடு என்று நான் வாதாட மாட்டேன்.

ஆனால் பிள்ளைகளுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பிள்ளைகள் இங்கிலீஷ் எழுதுவதை ஒரு தடவை பாருங்கள். பெரிய வகுப்புக்குப் போனால் அச்சடித்த மாதிரி கையெழுத்துப் பழகுவார்கள், ஹெபெய் மாகாணத்து ஹெங்சுய் பள்ளியின் பெயரிலேயே அந்தக் கையெழுத்துக்குப் பெயர், அதற்கென்று பயிற்சி நோட்டே கடையில் கிடைக்கும், ஏனென்றால் திருத்துபவர் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தால் அரை மதிப்பெண் கூடலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் சிவப்பு மை. இப்படிப் பழகிய ஒரு பெண் என் வகுப்பில் ஒரு பருவம் முழுக்க வாயே திறக்கவில்லை. எழுத்தில் வகுப்பிலேயே அவள்தான் முதல். அப்புறம் ஒருநாள் விளையாட்டில் அவள் குழு தோற்கப்போகிறது என்றதும் எழுந்து "டீச்சர், ஹீ சீட்! ஹீ சீட் மெனி மெனி!" என்று கத்தினாள். இலக்கணம் நாசம். நான் திருத்தவில்லை, ஏமாற்றியவனைப் பிடித்து வெளியே உட்காரவைத்தேன். அதற்கப்புறம் அவளை வாயை மூடவைப்பதுதான் கஷ்டம். வாரத்தில் 40 நிமிடம், தப்பாகப் பேசினாலும் யாரும் எதையும் குறித்துக்கொள்ளாத ஒரே 40 நிமிடம். அதற்கு அமெரிக்க பாஸ்போர்ட் தேவையா என்று கேட்டால் தேவையில்லை, ஆனால் சீன ஆசிரியை அதைச் செய்தால் தலைமையாசிரியர் பிரம்பில்லாமலேயே அடிப்பார். என்னிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை, அதுதான் என் வசதி.

இனி நிறம். மாமா, இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஏஜென்சி முதலில் கேட்பது புகைப்படம், பட்டம் அப்புறம்தான். நான் வந்த புதிதில் ஒரு தனியார் மழலையர் பள்ளியில் மாதிரி வகுப்பு எடுத்தேன், பிள்ளைகள் என் மேல் ஏறி விளையாடின, சாயங்காலம் ஏஜென்சிப் பையன் தலையைச் சொறிந்துகொண்டே, பெற்றோர்கள் வேறு மாதிரி எதிர்பார்க்கிறார்கள் என்றான். மறுநாள் அந்த இடத்துக்கு வேறொருவரை அனுப்பினார்கள், இங்கிலீஷ் அவருக்குத் தாய்மொழியே இல்லை, ஆனால் முடி பொன்னிறம். அரசுப் பள்ளியில் இந்தத் தொல்லை குறைவு, அங்கே பெற்றோருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. பள்ளி வாசலில் பாட்டிகள் எந்த ஊர் என்பார்கள், அமெரிக்கா என்றால் என் கையைத் திருப்பிப் பார்ப்பார்கள், பூர்வீகம் இந்தியா என்றதும் ஆமிர் கான் பேச்சு வந்துவிடும், அப்புறம் அரை மணி நேரம் விட மாட்டார்கள். இந்தியர் என்றால் இங்கிலீஷ் உச்சரிப்பு சரியிருக்காது என்று ஒரு எண்ணமும் இருக்கிறது, என் ஒகையோ உச்சரிப்பைக் கேட்ட பிறகும் அதைச் சொன்னவர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு இரண்டாவது வாரத்திலிருந்து இதெல்லாம் ஒன்றுமே இல்லை. அவர்களுக்கு என் முடியைப் பின்னிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பையனிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். தெரிந்து வந்தால் தாங்கிக்கொள்ளலாம்.

டெக்சஸ் அம்மா:

திரையில் வந்த எங்களுக்கும் இது நடந்தது தங்கச்சி. பெற்றோர்கள் ஆசிரியரின் படத்தையும் சின்ன வீடியோவையும் பார்த்துத்தான் வகுப்பைப் பதிவு செய்வார்கள். எனக்கு முதல் சில மாதம் ஈ ஓட்டத்தான் நேரம் இருந்தது, என்னோடு சேர்ந்த வெள்ளைக்காரத் தோழிக்கு முதல் வாரமே நிரம்பிவிட்டது. ஒரு குடும்பம் வந்து, அது நாலு குடும்பத்துக்குச் சொல்லி, அப்புறம்தான் பிடித்தது.

வெட்டிப்பேச்சு வேலன்:

சரி, "ஹீ சீட் மெனி மெனி"க்காக என் வழக்கில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். சம்பள விஷயத்தில் மீதிப் பாதி அப்படியே இருக்கிறது.

உறையூர் மாமன்:

எல்லோருக்கும் நன்றி. அக்காவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பாட்டி சோறு ஊட்டிய இடத்தில் சிரித்தாள். இப்போது அவளுடைய கேள்விகள்: காகித வேலை என்னென்ன, சாயங்காலம் தனியாக டியூஷன் எடுத்துக் கூடச் சம்பாதிக்கலாமா, ஏதாவது அவசரம் என்றால் அமெரிக்கத் தூதரகம் பக்கத்தில் இருக்கிறதா?

செங்டுக்காரி:

தூதரகத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். செங்டுவில் 1985லிருந்து அமெரிக்கத் துணைத் தூதரகம் இருந்தது. 2020 ஜூலையில் ஹூஸ்டனில் இருந்த சீனத் துணைத் தூதரகத்தை அமெரிக்கா மூடச் சொன்னது, பதிலுக்கு இதை இவர்கள் மூடவைத்தார்கள். அதனால் பாஸ்போர்ட் புதுப்பிக்கக்கூட வேறு ஊர் போக வேண்டும். அதே வருடம்தான் அமைதிப் படை என்ற அமெரிக்கத் தொண்டர் திட்டமும் போனது, 1993லிருந்து இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் அவர்களின் ஆட்கள் 1,300 பேருக்கு மேல் இங்கிலீஷ் நடத்தியிருக்கிறார்கள். எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியர் ஒருவர் அவர்களிடம் படித்தவர், என்னைப் பார்த்தால் இன்றைக்கும் அவர்களைப் பற்றித்தான் பேசுவார்.

காகிதம்: பட்டச் சான்றிதழ், எஃப்பிஐ தரும் குற்றப் பின்னணிச் சான்று, இரண்டு வருட அனுபவம் இல்லையென்றால் 120 மணி நேர ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ், மருத்துவச் சோதனை. முன்பெல்லாம் சீனத் தூதரகத்தில் கொண்டுபோய் முத்திரை வாங்க வேண்டும், 2023 நவம்பர் 7லிருந்து அப்போஸ்டில் என்ற சர்வதேசச் சான்று முத்திரை போதும். பட்டத்துக்கு அவன் மாநிலத்திலும், எஃப்பிஐ சான்றுக்கு வாஷிங்டனிலும் வாங்க வேண்டும். எஃப்பிஐ விஷயத்தை முதலில் தொடங்கச் சொல்லுங்கள். அவன் வேலை விசாவில்தான் இறங்க வேண்டும். சுற்றுலா விசாவில் வா, இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்சி சொன்னால் அந்த ஏஜென்சியை அங்கேயே விட்டுவிடுங்கள். வந்து 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தங்கும் முகவரியைப் பதிய வேண்டும், வீடு மாறினாலும் பதிய வேண்டும்.

டியூஷன் வேண்டவே வேண்டாம். வேலை அனுமதி ஒரு பள்ளிக்கு, ஒரு முதலாளிக்கு. வெளியே காசு வாங்கிப் பாடம் எடுத்தால் அபராதம், காவல், நாடு கடத்தல் வரை போகலாம். வாசலில் அம்மாக்கள் கேட்பார்கள், காசும் அதிகமாகச் சொல்வார்கள், சிரித்துக்கொண்டே வந்துவிட வேண்டும்.

இன்னும் சில்லறை விஷயங்கள். யூடியூபும் கூகிளும் திறக்காது, பாட்டு வீடியோக்களைக் கிளம்பும் முன்னாலேயே இறக்கிக்கொள்ளட்டும், காசு கொடுக்கப் பயன்படும் அலிபே, வீசாட் செயலிகள் இரண்டையும் அங்கேயே போட்டுக்கொள்ளட்டும். அக்டோபர் முதல் வாரம் நீண்ட விடுமுறை என்று சந்தோஷப்படுவான், அதற்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிடுவார்கள், அன்றைக்கு எந்தக் கிழமையின் அட்டவணை என்று முந்தின நாள் சாயங்காலம்தான் சொல்வார்கள். காரம் சாப்பிடுகிற பிள்ளையாக இருந்தால் சாப்பாட்டுக்கு இந்த ஊரை அடித்துக்கொள்ள முடியாது. சைவம் என்றால் புத்த மடங்களில் நல்ல சைவச் சாப்பாடு கிடைக்கும், வெளியே காய்கறியிலும் பன்றிக் கொழுப்பு இருக்கும், கேட்டுச் சாப்பிட வேண்டும். குளிர்காலத்தில் வடக்கு ஊர்களில் போல இங்கே கட்டடங்களுக்குப் பொதுச் சூடேற்றம் கிடையாது, வகுப்பறையில் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் பாடம். நியூ ஜெர்சிப் பனியைப் பார்த்த பிள்ளைதானே என்று அக்கா விட்டுவிட வேண்டாம், அங்கே வீட்டுக்குள் சூடு இருக்கும். உள்ளே போடும் கம்பளி பனியன் இரண்டு எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

உறையூர் மாமன்:

பனியன் விஷயத்தைக் கேட்டதும் அக்கா கடைக்குக் கிளம்பிவிட்டாள், அழுகை நின்ற மாதிரிதான் தெரிகிறது. எஃப்பிஐக்குப் பையன் ஏற்கெனவே கைரேகை கொடுத்துவிட்டானாம், எங்களுக்குத்தான் சொல்லவில்லை. மற்ற சந்தேகங்களை அவனையே இங்கே வந்து கேட்கச் சொல்கிறேன், தமிழ் பேசுவான், எழுத வராது, தங்கிலீஷில் எழுதினால் மட்டுறுத்துநர் நீக்கிவிட வேண்டாம்.